கடல் தாண்டாத கம்பம்... கரையில் நிற்கும் கேள்வி! - சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரை

மெரினாவில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே வந்தால், சாந்தோம் நெடுஞ்சாலையில் அந்த வெள்ளைக் கோபுரம் தெரியும். சுமார் 155 அடி உயரம். போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கட்டிய பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, 1896-ல் கோத்திக் பாணியில் கட்டி முடிக்கப்பட்டது இப்போது இருக்கும் சாந்தோம் பேராலயம். வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நிலவறையில் இருக்கும் புனித தோமையாரின் கல்லறையைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கோயிலின் பின்பக்கம் கடற்கரைக்குப் போகும் வழியில் நிற்கும் ஒரு மரக்கம்பத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

தோமையார் கம்பம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கரையில் ஒரு பெரிய மரம் ஒதுங்கியதாம். அரசனின் யானைகளாலும் அதை அசைக்க முடியவில்லை. தோமையார் தன் இடுப்புக் கச்சையைக் கட்டி இழுத்ததும் வந்துவிட்டதாம். பிறகு அவர் இங்கே ஒரு கம்பத்தை நட்டு, 'கடல் இதைத் தாண்டாது' என்று சொன்னதாக ஐதீகம். பல தலைமுறைகளாகப் பாட்டிகள் சொல்லிவந்த கதை இது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள்தான் கிறிஸ்துமஸ். குடிலும் நட்சத்திர விளக்குகளும் அப்படியே இருந்தன. காலையில் சுனாமி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சாதி, மதம் பார்க்காமல் இங்கேதான் அடைக்கலம் புகுந்தன. பாட்டி கதை ஒரே நாளில் பத்திரிகைச் செய்தியானது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கோயில் மேட்டில் இருப்பதுதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதே காலையில், அதே கடல், இந்தக் குப்பங்களுக்குள் புகுந்தது. வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர்களும் போயின. தெற்கே, ஆரோக்கிய மாதாவைத் தேடி கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போயிருந்த பக்தர்கள் பலர் கடற்கரையிலேயே மாண்டார்கள். தமிழகம் முழுவதும் பலியானவர்கள் ஏறக்குறைய 8,000 பேர்.

கம்பம் கோயிலைக் காத்தது என்றால், குப்பத்தை ஏன் காக்கவில்லை? மாதாவைப் பார்க்க வந்த குழந்தையைக் கடல் ஏன் கொண்டுபோனது? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், அதை நம்பிக்கை இல்லாதவரின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியுமா?

முடியாது என்பதற்கு இந்தக் கல்லறைக்கு உரியவரே சாட்சி. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் 'சந்தேகத் தோமா' என்று பெயர் வாங்கியவர் அவர். உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்றவர். பைபிளின்படி இயேசு அவரை விரட்டவில்லை, தன் காயத்தைக் காட்டினார். அதே தோமையார் கடல் கடந்து இந்தியா வந்து, கி.பி. 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது கிறிஸ்தவ மரபு. வரலாற்று ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியபோதே இது யாத்திரைத் தலம்தான். இங்கிருந்து செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். நோயும் பயமும்தான் அன்றைக்கும் ஆட்களை இங்கே அழைத்து வந்திருக்கின்றன.

கோயிலிலிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் லஸ். பரபரப்பான கடைத்தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் அமைதியாக நிற்கிறது லஸ் சர்ச். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது 'காட்டுக் கோயில்'. 1516-ம் ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. நடுக்கடலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் கரையைக் காட்டியது, அது மறைந்த இடத்தில் கட்டிய கோயில் இது என்பது கதை. போர்ச்சுகீசிய மொழியில் 'லஸ்' என்றால் ஒளி. தினமும் 'லஸ் கார்னர் ஒரு டிக்கெட்' என்று கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அங்கேயே 29சி பஸ் ஏறினால் அடையாறு வழியாக பெசன்ட் நகர். எலியட்ஸ் பீச் அருகில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றம், செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள். அந்த நாள்களில் காவி உடுத்தி, வெறுங்காலோடு நடந்தே வருகிறார்கள் பக்தர்கள். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய. ஸ்கேன் ரிப்போர்ட்டை மாதா காலடியில் வைத்து எடுப்பவர்களும், வேலை கிடைக்கவில்லை என்று கண் கலங்குபவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 2020-ல் கொரோனா முடக்கத்தில் ஆலயக் கதவுகள் மூடியபோது, வேண்டிக்கொள்ளப் போக ஓர் இடம்கூட இல்லாமல் தவித்தவர்கள் இவர்கள்.

கரையோர மக்களின் கவலை சுனாமியோடு முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருக்கெடுத்தது. சீனிவாசபுரத்தில் கடல் அரிப்பு வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. 2023-ல் மெரினா லூப் ரோட்டோர மீன் கடைகளை அகற்றும் நடவடிக்கை வந்தபோது, நாளைக்குப் பிழைப்பு என்ன என்று நொச்சிக்குப்பமே சாலைக்கு வந்தது. இங்கே கடல்தான் சோறு போடுகிறது, அதே கடல்தான் பயமுறுத்தவும் செய்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24 நள்ளிரவில் சாந்தோமில் கிறிஸ்துமஸ் திருப்பலி. புதுத்துணி, கேக், குழந்தைகளின் சத்தம். ஒரு நாள் இடைவெளியில், 26-ம் தேதி காலை, பட்டினப்பாக்கம் கரையில் மீனவக் குடும்பங்கள் கூடுகின்றன. கடலில் பாலை ஊற்றுகிறார்கள், பூக்களைத் தூவுகிறார்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் அவர்கள் வருவதில்லை. போனவர்களை மறக்க முடியாததால் வருகிறார்கள்.

பிறகு பால் குடத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் விடிவதற்குள் படகுகள் கடலில் இறங்கியாக வேண்டும்.