தாம்பரம் லைன்: குறிப்புகள்

காலை வண்டி. தாம்பரத்தில் ஏறினேன். பீச் வரை. உட்கார இடமில்லை. நின்றபடி எழுதுகிறேன், எழுத்து கோணல்.

சானடோரியம்.

1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகக் கட்டியது. ஊருக்கு வெளியே, நல்ல காற்றுக்காக. இப்போது கதவோரம் தொங்குகிறவனுக்கு மட்டும் காற்று.

குரோம்பேட்டை.

குரோமிய உப்பில் தோல் பதனிட்ட ஆலை, அதனால் குரோம். தினமும் சொல்கிறோம். தோல் வாடை யாருக்கும் வருவதில்லை.

பரங்கிமலை.

பெயர்ப்பலகை ஒன்றுதான். தமிழில் பரங்கியின் மலை. ஆங்கிலத்தில் தோமையாரின் மலை.

1931. பீச்–தாம்பரம் மின்சார வண்டி. அப்போது மீட்டர் கேஜ். 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம்.

2004-ல் இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றது. பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். கூடுதலாகக் கிடைத்தது 676. என் கையால் ஏறக்குறைய மூன்று சாண்.

பெண்கள் பெட்டிப் பக்கம் ஒரு குரல்.

"முழம் எவ்ளோம்மா?"

"இருபது."

"உங்க கை சின்னதா இருக்கே."

பூக்காரம்மா பதில் சொல்லவில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு தரம் நீட்டி அளந்தார். பிறகு நாலு விரல்கடை கூடவிட்டுப் பல்லால் நாரைக் கடித்தார்.

அரக்கோணம்–காஞ்சிபுரம், 1865. தண்டவாள அகலம் மூன்றரை அடி. பிறகு மீட்டர். பிறகு பிராட். ஒரே பாதை, மூன்று அளவு.

செங்குன்றம், 1837. அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குத் தண்டவாளம். பம்பாய்–தாணே வண்டிக்குப் பதினாறு வருஷம் முன்னால்.

ஆள் ஏறவில்லை. கல் ஏறியது.

கல் எதற்கு? ரோடு போட.

பெரும்பாலும் மாடு இழுத்தது என்கிறார்கள். நீராவியும் முயன்று பார்த்தார்களாம்.

கிண்டி. பாதிப் பெட்டி காலி. இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை.

சாயங்காலம், எதிர்த் திசை. தாம்பரம் தாண்டி வண்டலூர். சன்னலுக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோடு கூடவே வருகிறது. வண்டி முந்துகிறது. சிக்னலில் நிற்கிறது. பஸ் முந்துகிறது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம். திறந்தது 2023 டிசம்பர் 30. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை.

திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை.