கணக்குப் போடாமல் ஏற்றிய வேகம்

எல்லாரும் வாங்கிய பரிசைப் பற்றி எழுதுவார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதெல்லாம் வீட்டு மாடியில், ஷீட் போட்ட அறையில்தான். அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் பிராசஸர் 2011-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே. வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். பெயரில் அந்த ‘கே’ இருப்பதால், மதர்போர்டும் இடம் கொடுத்தால், வேகத்தை நாமே ஏற்றலாம். அதுதான் ஓவர்கிளாக்கிங்.

ஒரு கல்யாணத்தை ரெண்டர் செய்ய ஆறு மணி நேரம் ஆகும். அப்பா பாதித் தூக்கத்தில் எழுந்து எழுந்து பார்ப்பார். அவருக்கு உதவுவோம் என்று நினைத்து, அவரிடம் சொல்லாமலே, பயாஸில் வேகத்தை 4.4 ஆக்கினேன். அது நிலையாக ஓட, வோல்டேஜையும் 1.20-லிருந்து 1.32 ஆக்கினேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஆன் ஆனது. எனக்கு ஒரே பெருமை!

அது சித்திரை மாதம். அன்று இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் அப்பா, “என்னடா இது, பாதிகூட முடியல?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் பென் டிரைவ் வாங்க வந்துவிட்டார்கள். அன்றே ஊருக்குப் போக வேண்டியவர்கள். அப்பா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பள்ளியில் இயற்பியல் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “சூடு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டியாடா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல சார், ஃபேன் நல்லாத்தான் சுத்துச்சு.”

சார் பலகையில் எழுதிக் காட்டினார். பிராசஸருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் குட்டி மின்தேக்கிகள் மாதிரி நிரம்பிக் காலியாகின்றன. மின்தேக்கியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அதனால் வேகம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு வெப்பம் கூடும். வோல்டேஜ் ஏறினால் அந்த மடங்கின் வர்க்கமாகக் கூடும்.

வேகம்: 4.4 ÷ 3.3 = 1.33 மடங்கு
வோல்டேஜ்: 1.1 மடங்கு, வர்க்கம் 1.21
மொத்தம்: 1.33 × 1.21 = சுமார் 1.61 மடங்கு

95 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸர் 153 வாட் போலக் காய்ந்திருக்கிறது!

“சரி, அதை டிகிரியா மாத்து” என்று சொல்லி ஆய்வகத் தெர்மாமீட்டரைக் கொடுத்தார். வேகத்தைப் பழையபடி வைத்து, விடியற்காலையில் ரெண்டர் ஓடும்போது அளந்தேன். அறை 32 டிகிரி, பிராசஸர் 70. அப்படியானால் அறையைவிட 38 டிகிரி அதிகம். ஹீட் சிங்க்கும் ஃபேனும் மாறாததால் அந்த 38-ஐ 1.61-ஆல் பெருக்கினால் போதும். 61 டிகிரி வந்தது. (இப்படிச் செய்தால் 95 வாட் என்பது துல்லியமாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நமக்கு மடங்குதான் முக்கியம்.)

ராத்திரி அறையை அளந்தேன். ஷீட்டின் புண்ணியத்தால் 38. கூட்டிப் பார்த்தால் 99! இந்தப் பிராசஸருக்கு வரம்பு 98 டிகிரி. அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். நான் ஓட விரட்டினேன், அது நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “அது நம்ம சோறுடா” என்றார். அந்த வார்த்தை அடியைவிட வலித்தது.

பரீட்சை முடிந்ததும் மறுபடி கணக்குப் போட்டு, தாளை அப்பாவிடம் காட்டினேன். வோல்டேஜைத் தொடாமல் 4.0 மட்டும் வைத்தால் 1.21 மடங்குதான். 38-க்கு 46. அறை 38 என்றாலும் மொத்தம் 84. அப்பா தலையாட்டிய பிறகே மாற்றினேன். முதல் ராத்திரி நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 85-ஐத் தாண்டவில்லை. ஆறு மணி நேர வேலை ஐந்தாகக் குறைந்தது.

இப்போது அப்பா படுக்கும் முன் கேட்பது ஒரே கேள்விதான்: “இன்னிக்கு ரூம் எவ்வளவுடா?”

நண்பர்களே, வேகம் ஏற்றுவது தப்பில்லை. கை வைக்கும் முன் பேப்பரில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போட்டுப் பாருங்கள்.

— பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்