காப்பிக்கொட்டையுள் ஒரு கூட்டுவாழ்க்கை

தமிழ் பயிலும் எமக்குப் பூச்சியினத்தோடு யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவலாம். உயிர்மெய்யெழுத்தில் உயிரும் மெய்யும் கூடி ஓருருவாய் நிற்றலை யாம் நாடோறும் காண்கின்றோம். அத்தகைய கூட்டம் உயிருலகினும் உண்டென அறிந்தமையே இக்கட்டுரைக்குக் காரணமாம்.

காப்பிச் செடிக்குப் பெரும்பகையாவது காய்த்துளைப்பான் என்னும் சிறு கருவண்டு. அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டரும் இல்லை. ஆப்பிரிக்காவினின்று பல நாடுகட்கும் பரவிய இது, இந்தியாவில் முதன்முதலாக 1990-ஆம் ஆண்டு நீலகிரியைச் சார்ந்த கூடலூர்ப் பகுதியிற் காணப்பட்டது. பெண் வண்டு காயைத் துளைத்துக் கொட்டையுள் முட்டையிடும். புழுக்கள் அக்கொட்டையையே தின்று வளரும்.

கொட்டையிலுள்ள காபீனோ பூச்சிகள் பலவற்றிற்கு நஞ்சு. செடி தன்னைக் காத்தற்கு அமைத்த அரண். அவ்வரணுள்ளேயே இவ்வண்டு குடியிருத்தல் எங்ஙனம்?

கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்துச் சேஹா-நவாரோ முதலிய அறிஞர்கள் 2015-இல் இதற்கு விடை வெளியிட்டனர். காபீனைச் சிதைப்பன வண்டின் குடலில் வாழும் பாக்டீரியாக்களே. வண்டுகட்கு உணவோடு ஆன்டிபயாட்டிக் மருந்தினை ஊட்டியபொழுது, குடற்பாக்டீரியாக்கள் மாய்ந்தன. காபீன் சிதையாமலே எச்சத்தில் வெளிப்பட்டது. முட்டைகளும் புழுக்களும் பெரிதும் குறைந்தன.

மருந்தே வண்டின் உடலைக் கெடுத்திருத்தல் கூடாதோ எனின், நன்றே வினவினீர். அவ்வறிஞர் சூடோமோனாஸ் புல்வா என்னும் பாக்டீரியத்தை அவ்வண்டுகட்கு மீண்டும் அளித்தனர்; காபீனைச் சிதைக்கும் ஆற்றலும் மீண்டது. நீக்கிக் காட்டியதோடு அமையாது, திரும்பக் கொடுத்தும் மெய்ப்பித்த அந்நேர்மை எம் உள்ளத்தைக் கவர்ந்தது.

இதனைக் கேட்ட விடுதி நண்பரொருவர், "அங்ஙனமாயின் தோட்டமெங்கும் அம்மருந்தைத் தெளித்தாலென்ன?" என்றார். அது தகாது என்பதே எம் துணிபு. தெளித்த மருந்து மண்ணையும் நீரையும் சேரும். ஆங்குள்ள பாக்டீரியாக்களுள் அதனை வெல்ல வல்லன எஞ்சிப் பெருகும். அவ்வன்மை நோய்செய்யும் பாக்டீரியாக்கட்கும் பரவக்கூடும். பின்னர், காய்ச்சலுற்ற குழந்தைக்கு அம்மருந்தே பயன்படாதொழியின், காத்த காப்பியால் யாது பயன்? உதிர்ந்த காய்களைப் பொறுக்கி அழித்தல், வண்டினைக் கொல்லும் பூவேரியா என்னும் பூஞ்சையைத் தெளித்தல் ஆகிய வழிகள் உழவர் கையில் உள்ளன.

ஆய்வுக்கூடத்தில் அறிவூட்டும் மருந்து தோட்டத்திலும் நன்மை தருமென்பது நியதியன்று. ஒரு சிறு வண்டும் தனித்து வாழவில்லை. அதனை அறிந்த மாந்தராகிய நாம், பலர்க்கும் பொதுவான மருந்தைச் சிலர் ஆக்கத்திற்காக வீணாக்காதிருத்தல் கடனாம்.