நடை சாத்தியிருந்த கோயில்

 

மார்ச் மாசம் வடநாட்டு யாத்திரைல நான் எடுத்த துங்கநாத் படத்தைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்டீங்க. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளம்தான்.

பஞ்ச கேதாரத்துல துங்கநாத் ஒண்ணு. சிவபெருமானோட கைகள் வெளிப்பட்ட இடம்னு ஐதீகம். சுமார் 3,680 மீட்டர் உயரம். பனிக்காலத்துல நடை சாத்திட்டு, சுவாமியை கீழே மக்கு கிராமத்துக்கு எழுந்தருளப் பண்ணி அங்கதான் பூசை. இது தெரிஞ்சேதான் போனேன். கூட வந்தவங்க குளிருக்குப் பயந்து உகிமட்லேயே இருந்துட்டாங்க. நான் மட்டும் விடியக்காலைல ஜீப் பிடிச்சு சோப்தா போயிட்டேன்.

அங்கேருந்து கோயிலுக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்ல. பத்துமலை 272 படியை நிக்காம ஏறுறவன், இது என்னன்னு ஒரு நெனப்பு. டீக்கடைக்காரர் சப்பாத்துல மாட்டுற இரும்புப் பல்லும் ஒரு தடியும் வாடகைக்குக் கொடுத்தார். "எங்க இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிடுங்க, வெயில் இறங்கினா பனி கண்ணாடி மாதிரி இறுகிடும்"னு கையைக் காட்டிச் சொன்னார்.

இருபது அடி நடந்தா ரெண்டு நிமிஷம் நிக்கணும். சில இடத்துல முட்டி வரைக்கும் பனி. ஒரு வளைவுல கால் வழுக்கி, தடி ஊனினதால தப்பிச்சேன். சுத்திப் பார்த்தா ஒரு ஆள் இல்ல. விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்?

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி 12.20. கதவுல பூட்டு. தெரிஞ்ச விஷயம்தான், ஆனாலும் கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு தூரம் வந்தேனே சாமின்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

அப்போதான் ஒரு அம்மா முகம் ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி நம்ம கோயிலுக்கு வந்தவங்க. மத்தியானம் நடை சாத்தி பத்து நிமிஷம் ஆச்சு. "சாயங்காலம் வாங்கம்மா"ன்னு தலையைக்கூட நிமிர்த்தாம சொல்லிட்டு தரையைத் துடைச்சிட்டு இருந்தேன். அவங்க கொடிமரத்துக்கிட்ட நின்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. நடை சாத்தினா திறக்க முடியாது, அது ஆகம விதி. ஆனா ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லையே.

பனியிலேயே விழுந்து கும்பிட்டேன். மேல சந்திரசிலா இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். ஆசை இருந்துச்சு, ஆனா மேகம் ஏறி வந்துச்சு, தலையும் வலிச்சுச்சு. இறங்கிட்டேன். மறுநாள் மக்குல நல்ல தரிசனம்.

போக ஆசைப்படுறவங்க நடை திறந்திருக்கிற மே மாசத்துக்கு மேல போங்க. என்னை மாதிரி தனியா போகாதீங்க.

நம்ம கோயிலுக்கு நடை சாத்தின பிறகு வந்தீங்கன்னா வாசல்ல என்னைக் கூப்பிடுங்க. கதவைத் திறக்க முடியாது. நாற்காலி இருக்கு, மோர் இருக்கு, பேச நான் இருக்கேன். அந்த ஈப்போ அம்மா இதைப் படிச்சா, மன்னிச்சிடுங்கம்மா.

சிவ சிவ.