அம்மா பெயரில் ஓர் ஆல்பம்

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் இனிஷியல் பெரும்பாலும் அவளைப் பெற்றவளைச் சொல்வதில்லை. பிறந்ததும் அப்பாவின் எழுத்து, மணமானதும் பலருக்குக் கணவனின் எழுத்து. வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் இது என் கண்ணில் படுகிறது. அதனாலேயே எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரில் பாடும் ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி அருட்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. 2007இல் வந்தது. உலகமெங்கும் ஒலித்த 'பேப்பர் பிளேன்ஸ்' அதில்தான் இருக்கிறது. ஆல்பத்தின் பெயர் 'கலா'. அது அவருடைய அம்மாவின் பெயர்.

2005இல் வந்த முதல் ஆல்பம் 'அருளர்'. அது ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப்பெயர். லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக ஈழத்துக்குப் போன மாதங்கி, 1986இல் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். அங்கே தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் கலா. இயக்கத்துக்குப் போனவருக்கு வரலாற்றில் ஒரு வரியாவது கிடைக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்தவளுக்கு அதுவும் கிடைக்காது. மகள் அந்த வரியை ஆல்பத்தின் அட்டையில் எழுதினார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு தையல் மிஷின் ஓடியது. அப்பா ஷிப்டு வேலைக்கு நெய்வேலிக்குப் பஸ் ஏறிவிடுவார். அவர் சம்பளம் கடனுக்குப் போகும். அம்மாவின் மிஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆனால் வாசலில் தொங்கிய தகரப் பலகையில் இருந்தது அப்பாவின் பெயரும் 'டெய்லர்ஸ்' என்ற சொல்லும். ஜாக்கெட் தைக்க வரும் பெண்கள்கூட அவர் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

மாதங்கியின் மிஷின் வேறு. ரோலண்ட் எம்சி-505 என்ற, தாளத்தை அடுக்கிப் பாட்டாக்கும் மின்கருவி. பீச்சஸ் என்ற கனடாப் பாடகி ஊக்கம் தர, அதில் தானே பழகி முதல் பாடல்களை உருவாக்கினார். பிறகு வந்து சேர்ந்தவர் டிப்லோ என்ற அமெரிக்க டி.ஜே. 'அருளர்' ஆல்பத்தில் 'பக்கி டன் கன்' பாட்டில் அவர் கை உண்டு. பத்திரிகைகளோ மொத்த ஆல்பத்துக்கும் மூளை அவர்தான் என்பதுபோல் எழுதின. 2007இல் ஒரு பேட்டியில் மாதங்கி இதைக் கோபத்தோடு மறுத்தார். 2015இல் ஐஸ்லாந்துப் பாடகி பியர்க்கும் இதே குறையைச் சொன்னார்: 'வல்னிகுரா' ஆல்பத்தைத் தானும் சேர்ந்து தயாரித்திருக்க, உடன் வேலை செய்தவரின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள் என்று.

என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது, ஒரு கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார்: "நல்லா வந்திருக்கும்மா. யாரு பாத்துத் திருத்திக் கொடுத்தது?" அன்பாகத்தான் கேட்டார். வசவுக்குப் பதில் சொல்லிவிடலாம். இந்த அன்புக்குப் பதில் சொல்வதுதான் கடினம். "நானேதான் ஐயா" என்றேன். சிரித்தார்.

எல்லாம் தனியாகவே செய்தேன் என்று சொல்வதற்காக அல்ல இந்த வழக்கு. 'கலா'வில் சுவிட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர் முக்கியக் கூட்டாளி. சென்னையில் உறுமி அடிப்பவர்களை வைத்தும் ஒலிப்பதிவு நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் நம் ஊர்த் திருவிழாவின் அதே உறுமிச் சத்தம். அதை அடித்தவர்களின் பெயரையும் நாம் கேட்கத்தான் வேண்டும். பெயர் கேட்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் என் பெயருக்கு முன்னால் அம்மாவின் எழுத்தையும் சேர்த்தேன். "எனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்றாள். ஆனால் அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் புத்தகத்தை எடுத்து நீட்டி, "இந்த மொத எழுத்து நான்தான்" என்று விரல் வைத்துக் காட்டினாள்.