கண்டதும் கருதியதும்

விமானம் ஓட்டக் கற்றவன் ஒருவன், பிறிதொருவன் ஓட்டிவரும் விமானம் விழுவதைத் தரையில் நின்று காண நேருமாயின், அவனுடைய கண்ணுக்கு முன்னே அவனுடைய கல்வி முந்திக்கொண்டு சென்று, கண்டது இன்னதென்று மனத்திற் பதிவதற்குள் அதற்குக் காரணம் இன்னதென்று தீர்ப்பும் எழுதி முடித்துவிடுகிறது. இந்த அவசரத்துக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் அச்சமே என்பது என் அபிப்பிராயம். விழுந்தவன் செய்த பிழை இன்னதென்று தெரிந்துவிட்டால், அப்பிழையை நாம் செய்யப்போவதில்லை, ஆகையால் நாம் விழப்போவதில்லை என்று நெஞ்சு ஒருவாறு ஆறுதல் கொள்கிறது. சொந்த விருப்பத்துக்காகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் விபத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஆறுதலைத் தேடும் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

நான் கண்ட விபத்து யாழ்ப்பாணத்துப் பலாலியில் நிகழ்ந்தது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் வலிகாமம் வடக்கின் செம்பாட்டு நிலத்தை மட்டப்படுத்தி அமைத்த அந்த ஓடுபாதை, யுத்தம் முடிந்தபின் சாதாரண மக்களுடைய உபயோகத்துக்கு வந்தது. 1947 டிசம்பர் 10ஆந் தேதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுச் சென்னை செல்லும் வழியில் இறங்கி ஏறியதும் இங்கேதான்; அக்காலத்தில் அதைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றே வழங்கினார்கள். சுற்றியிருந்த கட்டுவன், வசாவிளான், குரும்பசிட்டி, மயிலிட்டி ஆகிய ஊர்களின் கமக்காரருக்கு விமானம் ஓர் அதிசயமாக இருந்த காலம் விரைவிலேயே கழிந்து, அதன் சத்தத்தைக் கொண்டு வேலைக்கு நேரம் பார்க்கும் பழக்கமும் உண்டாயிற்று. அவர்களுடைய செவிகள் எவ்வளவு பயின்ற செவிகள் என்பதைப் பின்னர் நான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு மார்கழிக் காலை. நான் இரத்மலானையிற் பயின்று அனுமதிப்பத்திரம் பெற்று அதிக காலமாகவில்லை. என்னோடு பயின்ற நண்பர் ஒருவர், இருவர் அமரும் செஸ்னா விமானமொன்றைத் தனியே ஓட்டிக்கொண்டு அன்று பலாலிக்கு வருவதாகச் சொல்லியிருந்தபடியால், அவரை எதிர்கொள்ளச் சென்ற நான், ஓடுபாதையின் தென்மேற்கு அந்தத்துக்கு அப்பால், கட்டுவன் பக்கத்துத் தோட்டவெளியின் ஒழுங்கையில் நின்றுகொண்டிருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வாடைக்காற்று மெல்ல வீச, கிளுவை வேலிகளில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. வாடைக்கு எதிர்முகமாக இறங்கவேண்டியிருந்தமையால் விமானம் எங்கள் தலைக்கு மேலாகவே வரும் என்பது தெரியும்.

வந்தது. இயந்திரத்தின் வேகத்தைத் தணித்துச் சீராக இறங்கி வந்த அது, வடலிக் கூட்டமொன்றைத் தாண்டியதும், நிலத்தை நோக்கிச் சற்று விரைவாகத் தாழ்வதைக் கண்டேன். மூக்கு ஒருமுறை உயர்ந்தது. பின்னர் ஓடுபாதைக்கு முன்னால், வேலிக்கு இப்பால், வெங்காயத் தரையில் சக்கரம் பதிந்தது. மழையில் ஊறிய செம்மண்ணும் பாத்தி வரம்புகளும் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, விமானம் முழுவதும் வால் மேலெழுந்து, முன்னே கவிழ்ந்து, சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தது.

நானும் ஓடினேன்; ஆனால் எனக்கு முன்னே ஐந்தாறு பேர் அங்கே நின்றார்கள். செஸ்னாவின் பெற்றோல் தாங்கிகள் இறக்கைகளுக்குள் இருப்பவை. கவிழ்ந்து கிடந்த இறக்கையிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. முதியவர் ஒருவர், பின்னால் வந்தவனுடைய வாயைப் பார்த்து, "சுருட்டை எறியடா!" என்று போட்ட சத்தம் இன்றைக்கும் என் ஞாபகத்தில் இருக்கிறது. உள்ளே நண்பர் வாரிலே தலைகீழாகத் தொங்கினார். அதை அவிழ்க்க நான் கையை நீட்டியபோது அந்த முதியவர், "வாரைக் கழட்டாதேங்கோ தம்பி, முதல் ஆளைத் தாங்கிப் பிடியுங்கோ, தலையிலை விழப்போறார்" என்றார். தலைகீழாக இருப்பவனை விடுவித்தால் அவனுடைய பாரம் முழுவதும் கழுத்தின்மேல் இறங்கும் என்பதை விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத அந்த மனிதர் எங்ஙனம் அறிந்தாரோ, நானறியேன். இருவர் தோளைத் தாங்க, ஒருவர் இடுப்பைத் தாங்க, வார் அவிழ்ந்தது. காறை எலும்பு முறிந்ததோடும் நெற்றியில் ஒரு காயத்தோடும் நண்பர் தப்பினார். வாடகை ஒஸ்ரின் காரொன்றிற் கிடத்தித் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் ஏன் விழுந்தார் என்று அந்தத் தோட்டத்தில் நின்றவர்களில் ஒருவர்கூட அதுவரையிற் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டோம். அன்று மாலையே, விமானம் ஓட்டத் தெரிந்த மூவர் ஒரு தேநீர்க் கடையில் இருந்தோம். மூவரிடமும் மூன்று விடைகள் இருந்தன. பெற்றோல் தீர்ந்துபோயிற்று என்றார் ஒருவர். ஓடுபாதையை எட்டிப்பிடிக்கும் ஆசையால் மூக்கை உயர்த்தி வேகத்தை இழந்தார் என்றார் மற்றவர். தொடக்கத்திலிருந்தே உயரம் போதாமல் வந்தார் என்பது என் கட்சி. மூன்றும் நியாயமாகத் தோன்றத்தக்கவையே.

சில தினங்களின் பின் கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். கண்டவர்கள் எல்லாரையும் தனித்தனியே அழைத்து, எங்கே நின்றீர்கள், எந்தத் திசையைப் பார்த்தீர்கள், முதலிற் கேட்டது என்ன, பிறகு கேட்டது என்ன என்று விசாரித்தார். நான், "வேகம் குறைந்துவிட்டது" என்று சொல்லத் தொடங்கியதும் அவர் பேனாவை நிறுத்தி, வேகங்காட்டி என் கையிலா இருந்தது என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, மூக்கு எவ்வளவு உயர்ந்தது, எங்கே உயர்ந்தது என்பதை மட்டும் சொல்லும்படி வேண்டினார். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, கருதியவற்றையெல்லாம் ஒதுக்கிக் கண்டவற்றை மட்டும் எடுக்க முயன்றபோது, அவை எவ்வளவு சொற்பமானவை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கக் கூடாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரைப் பதியைப் பற்றியோ பாசத்தைப் பற்றியோ தொடங்குமுன் அளவையைக் கொண்டு தொடங்குகிறார்; காண்டல், கருதல், உரை என்று அறிவின் வாயில்களைப் பிரித்து, காண்டலுக்குள்ளேயே ஐயமும் திரிவும் புகும் விதத்தையும் எச்சரித்துவிட்டே மேலே செல்கிறார். திண்ணையிற் பண்டிதரிடம் பாடங்கேட்ட காலத்தில் அதைப் பரீட்சைக்கு உரியதென்று படித்தேனேயன்றி, வெங்காயத் தோட்டத்து விபத்துக்கும் அது உரியதென்று நினைத்ததில்லை.

வாக்குமூலம் கொடுத்தவர்களில் அந்த முதியவரும் ஒருவர். அவர் சொன்னதை நானே அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். "சத்தம் குறைஞ்சு வந்தது ஐயா, வழமையா இறங்கேக்கை அப்பிடித்தான். வடலியைத் தாண்டேக்கை ஒருக்காப் பெருக்க வெளிக்கிட்டது. உடனை எங்கடை மெஷின் எண்ணெய் முடியேக்கை இருமிறமாதிரி ரண்டுதரம் இருமிப்போட்டு நிண்டிட்டுது. புகை இல்லை, நெருப்பு இல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியாது." தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தோடு நாள்தோறும் பழகியவருடைய காது அது. கடைசி வாக்கியத்தை அதிகாரி கோடிட்டு எழுதிக்கொண்டார்.

விமானத்தின் தாங்கிகளில் வேண்டிய அளவு பெற்றோல் இருந்தது. இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்ததில் பழுதொன்றும் காணப்படவில்லை. அப்படியானால் அது ஏன் நின்றது? விசாரணையின் முடிவு கேட்பவர்களை முதலில் நம்பமறுக்கச் செய்வது: பனிக்கட்டி. கார்பரேட்டரின் ஒடுங்கிய குழாயில் காற்று விரைந்து பாயும்போதும், பெற்றோல் ஆவியாகும்போதும் வெப்பம் உறிஞ்சப்பட்டு, அவ்விடத்தில் மாத்திரம் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேலாகக் குறைந்துவிடக்கூடும். வெளிக்காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் குழாயின் உள்ளே உறைந்து வழியை அடைக்கிறது. நாம் வியர்த்து நிற்கும் 30 பாகை வெயிலிலும் இது நேரலாம். இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து இறங்கும்போதே மிகுதியாக நேரும். மழை விட்ட மார்கழிக் காலையைவிட அதற்கு வாய்ப்பான பொழுது யாழ்ப்பாணத்தில் இல்லை. இதற்கெனவே சூடான காற்றைக் கார்பரேட்டருக்குள் விடும் கைப்பிடியொன்று விமானத்தில் உண்டு. நண்பர் அதை இழுத்திருக்கவில்லை.

ஆனால் இந்தக் காரணத்துக்கு ஒரு விசேஷ குணமுண்டு. இயந்திரம் நின்றதும் அதன் சூடே பனிக்கட்டியை உருக்கிவிடும். சில நிமிஷங்களின் பின் கார்பரேட்டரைத் திறப்பவனுக்கு ஈரங்கூட எஞ்சுவது அருமை. சான்று தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. அன்றைய காற்றின் ஈரப்பதம் பற்றிய கணக்கை விட்டால், அந்த முடிவுக்கு ஆதாரமாக நின்றது, உயர்ந்து இருமி நின்ற அந்தச் சத்தத்தைப் பற்றிய ஒரு கமக்காரருடைய சொல் மாத்திரமே. அவரும் எங்களைப்போல் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை அதற்கு இசைய வளைத்துச் சொல்லியிருப்பாரேயானால், கைப்பிடியைப் பற்றி ஒருவரும் யோசித்திருக்கமாட்டார்கள். இறங்கத் தொடங்குமுன், ஈரமான நாட்களில், அக்கைப்பிடியை முற்றாக இழுக்கவேண்டுமென்ற அறிவுறுத்தல் எங்களுக்கெல்லாம் வந்தது; அறிக்கையில் நண்பருடைய தவறு மறைக்கப்படவில்லை, குற்றமாகவும் எழுதப்படவில்லை. 1951இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்ட பதின்மூன்றாவது இணைப்பு விதிகள் இத்தகைய விசாரணைகளுக்கு உரியவை. பழியைச் சுமத்துவது விசாரணையின் நோக்கமன்று, இனி நிகழாமற் காப்பதே நோக்கம் என்பது அவற்றின் உயிர்நாடி. மனிதர் இயற்றிய விதிகளில் நான் மிக மதிப்பவற்றுள் இதுவும் ஒன்று.

காண்டலின் இடர்ப்பாடு சிறு விமானங்களோடு நின்றுவிடுவதில்லை. 2001 நவம்பர் 12ஆந் தேதி நியூயோர்க்கில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானமொன்று புறப்பட்ட சிறிது நேரத்தில் வீழ்ந்து 265 பேர் மாண்டபோது, அந்நாட்டு விசாரணைச் சபை 349 பேருடைய வாக்குமூலங்களைத் தொகுத்தது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஆகாயத்திலேயே நெருப்பைக் கண்டதாகச் சொன்னார்கள். விமானம் வலப்புறம் திரும்பியதென்றவர்கள் நூற்றுக்கு 18 பேர். இடப்புறம் என்றவர்களும் நூற்றுக்கு 18 பேரே. ஒருவரும் பொய் சொல்லவில்லை. முதற் காரணமோ, சுக்கானை மிகுதியாக இயக்கியதால் வாற்புறத்து நிமிர்செட்டை முறிந்து போனமை.

இதை எழுதும்போது என் நெஞ்சு பாக்கு நீரிணையின் பக்கம் போகாமல் இருக்கவில்லை. 1998 செப்ரெம்பர் 29ஆந் தேதி, இதே பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம், 55 பேரோடு மன்னார்க் கடலின் மேலே மறைந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டதென்று பேசப்பட்டதேயன்றி, கண்டேன் என்று பகிரங்கமாகச் சொல்ல ஒருவர் வரவில்லை. உள்நாட்டு யுத்தம் நடந்த அக்காலம் அப்படி ஒருவர் வரக்கூடிய காலமாகவும் இருக்கவில்லை. 14 வருஷங்களின் பின், 2012 ஒக்டோபரில், இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடுப்புகள் யாழ்ப்பாணத்தில் உறவினருடைய பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்த நெடிய இடைக்காலத்தில் எத்தனை கருதல்கள், எத்தனை நம்பிக்கைகள், கைதாகி எங்கோ இருக்கிறார்கள் என்ற எத்தனை வதந்திகள்! ஓர் உண்மையான காட்சி, எவ்வளவு கொடியதாயினும், மறைந்தவர்களுடைய தாய்மாருக்கு அவற்றைவிட இரக்கமுடையதாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டுவன் முதியவரை நான் பின்னரும் பலமுறை கண்டேன். 1990 ஜூன் மாதத்தில் அவ்வூரவர்கள் அனைவரும் எழுந்து போகவேண்டி வந்து, விமானம் கவிழ்ந்த அந்த வெங்காயத் தரையும் உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்குள் அகப்பட்டது. வானத்தில் எழும் சத்தத்தைக் கேட்டு, இது பொம்மர், இது சகடை என்று குண்டுவீச வரும் விமானங்களைப் பிரித்தறிந்து பிள்ளைகளைப் பங்கருக்குள் தள்ளவேண்டிய காலத்தையும் அவருடைய காது கண்டது. வளவுக்குத் திரும்பாமலே அவர் மறைந்தார். 2019 ஒக்டோபர் 17ஆந் தேதி சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் ஒழுங்காக வரத் தொடங்கியபோது, அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்துப் பழைய விபத்தின் கதையைச் சொன்னேன். பாட்டனார் ஓர் உயிரைக் காத்தார் என்பது மாத்திரமே வீட்டில் வழங்கிவந்த செய்தி. அவருடைய வாக்குமூலத்தில் என்னிடம் எஞ்சியிருப்பது நான் மொழிபெயர்த்தபோது குறித்துக்கொண்ட அரைப்பக்கம். அதைத் திருத்தமாக எழுதி, தமிழில் அவர் சொன்ன சொற்களையும் கீழே சேர்த்து, அந்தக் குடும்பத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.