கருவிக்கும் வேண்டும் பாயிரம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், பினாங்குத் தெருவிலே செட்டிநாட்டு வணிகர்தம் கிட்டங்கிகள் சிறந்து விளங்கிய காலம் ஒன்று உண்டு. முதலாளி கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருப்பார். அவர் பொருட்டு இங்கே பணம் கொடுக்கவும் வாங்கவும் உரிமை பெற்றவர் 'ஏஜண்டு' எனப்பட்ட முகவர். மூன்றாண்டுத் தவணைக்கு வந்து செல்பவர் அவர். அதிகாரப் பத்திரமும் முதலாளியின் கடிதங்களுமே அவருக்கு வழிகாட்டி. கடிதம் கப்பலேறி வரப் பல நாள் ஆகுமாதலின், ஐயம் எழுந்தபோதெல்லாம் கேட்டுத் தெளிதல் இயலாது. ஆயினும் தொழிலில் பழுத்த அம்முகவர், எழுதாமல் விட்டதையும் உய்த்துணர வல்லவராயிருந்தார்.

இந்நாளில் வேறொரு முகவர் தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது அதன் பெயர். பெருந்திரளான எழுத்துகளைப் பயின்று மொழியைக் கையாளும் கணினி நிரலே அது. ஏவிய பணியைப் பல படிகளாகப் பகுத்துச் செய்யவும் அது வல்லது. ஆனால் அதற்குக் கையில்லை. கணினியில் உள்ள ஒரு கோப்பைத் தொடவேண்டுமாயின், அதற்கென ஒரு கருவியை நாடவேண்டும். கருவியின் பெயர், அதன் பணியை உரைக்கும் சிறு குறிப்பு, தரவேண்டிய விவரங்கள் ஆகியவை அதன்முன் வைக்கப்படும். அவற்றைப் படித்து, 'இன்ன இடத்தில் இன்னதை எழுதுக' என வேண்டுகோள் விடுப்பதே அதன் செயல். எழுதுவது பிறிதொரு நிரல். கருவியின் உள்ளமைப்பை முகவர் பொதுவாகக் காண்பதில்லை. குறிப்பே அதற்குக் கண்.

2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்கால்' எனும் பொதுநெறியை வெளியிட்டது. கருவிகளை முகவரோடு இணைக்கும் முறையை வகுப்பது அது. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாக அமைந்த கருவிகளுள் கோப்பு எழுதும் கருவியும் ஒன்று. அதன் குறிப்பு சில வரிகளே. புதிய கோப்பைப் படைக்கும். முன்பே இருப்பதாயின் முழுவதையும் நீக்கிப் புதியதை வைக்கும். முன்னறிவிப்பின்றி அவ்வாறு செய்யுமாதலின் கருத்தோடு கையாள்க. இசைவளித்த கோப்புறைகளுக்குள் மட்டுமே இயங்கும். இவ்வளவே அதன் சாரம்.

இதைக் காணும் தமிழாசிரியருக்கு நன்னூலின் பாயிரம் நினைவில் எழாமல் போகாது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப் பாயிரத்திற்குப் பவணந்தியார் வகுத்தார். ஆக்கியோன் பெயரைக் கருவி வேண்டி நிற்கவில்லை; யாப்பும் அவ்வாறே. பயனும் நுதலிய பொருளும் எவரும் எழுதிவிடுவர். எல்லையும் கேட்போருமே இங்கு உயிர்நிலை. தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையைப் பாயிரம் சொன்னது; கருவிக் குறிப்போ, எக்கோப்புறைக்கு அப்பால் கை நீளலாகாது என்பதைச் சொல்கிறது. அவ்வெல்லையை நிரலும் காக்கவேண்டும் என்பது வேறு. 'உள்ளே வாராதீர்' என எழுதிய பலகை பூட்டாகுமா?

கேட்போர் யார் என்பதை மறந்தவர் எழுதும் குறிப்பு எத்தகைய கேட்டை விளைக்கும்? தமிழ்ப்பள்ளி ஒன்றில், பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கொள்வோம். பிறப்புப் பத்திரம் இல்லாத முதியவர் ஒருவருக்கு அப்பதிவேட்டின் ஒரு வரியே துணைச் சான்றாக நிற்கவும் கூடும். 'விடுபட்ட பெயரைச் சேர்' என்று முகவரை ஏவுகிறார் எழுத்தர். கருவிக் குறிப்பிலோ 'கோப்பில் எழுதும்' என்னும் இரு சொற்களே உள்ளன. எழுதுதல் என்றால் ஏட்டின் கீழே ஒரு வரி சேர்த்தல் என்பது மனிதர் வழக்கு. முகவரும் அவ்வாறே கொண்டு, அந்த ஒரு பெயரை மட்டும் அனுப்புகிறது. கருவி ஏவியதைச் செய்கிறது. ஏனைய பெயர்கள் மறைந்துபோகின்றன. 'வெற்றி' என்ற விடையும் வருகிறது!

கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்தால், அடித்த எழுத்து அடியில் தெரியும். கோப்பு அவ்வாறன்று. ஆகவே, குறிப்பில் முதலிடம் பெறவேண்டியது கருவி எதனை அழிக்கும் என்பதே. ஒரு பகுதியை மட்டும் திருத்தக் கருவி வேறு உண்டு, மாற்றத்தை முன்கூட்டிக் காட்டவும் அது வல்லது என்பது அடுத்து வரட்டும். எழுதுமுன் கோப்பைப் படிக்க என்பதும், எழுத்துருக் குறியீடு எது என்பதும் விடுபடலாகாது. குறியீடு மாறினால் தமிழ் எழுத்து குப்பையாகும் என்பதைப் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தவர் அறிவர்.

குறிப்பை எழுதியவர், பதிவேட்டின் படி ஒன்றை முகவரிடம் கொடுத்து, ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி எண்ணிப் பார்த்தல் நன்று. 400 பெயர் இருந்த இடத்தில் 401 இருத்தல் வேண்டும். ஒன்றே ஒன்று இருக்குமாயின், திருத்த வேண்டியது முதற்கண் குறிப்பையே.